டேப் பேக்கப் மெதுவாக ஓடுகிறதா? புது டிரைவ் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் அலுவலகத்தில் பல வருடங்களாக ஒரு எல்டிஓ-5 டேப் டிரைவ் இருந்தது. (பேக்கப் தரவைக் காந்த நாடாவில் எழுதும் கருவி இது; எல்டிஓ என்பது நாடாவின் வகை, எண் அதன் தலைமுறை.) ஃபைல் சர்வரில் இருந்த 1.2 டிபி தரவை இரவு 10 மணிக்கு எழுதத் தொடங்கினால் அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு முடித்துவிடும். தரவு 1.5 டிபியைத் தாண்டினால் ஒரே டேப்பில் அடங்காது என்பதால் எல்டிஓ-8 டிரைவ் ஒன்று வாங்கினோம். பழையதைவிட இரண்டரை மடங்கு வேகம் என்று சொல்லப்பட்ட டிரைவ். முதல் இரவே அதே தரவை எழுத ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. காலையில் ஆட்கள் வந்து கணினியைத் திறந்தபோது பேக்கப் அப்போதுதான் முடிந்திருந்தது.

டிரைவில்தான் பழுது என்று நினைத்தோம். விற்றவர்கள் வந்து பார்த்தார்கள், வேறு டிரைவ் கொண்டுவந்து மாற்றினார்கள். அதே வேகம். கேபிளை மாற்றினோம், டேப்பை மாற்றினோம், மென்பொருளை மறுபடி நிறுவினோம். ஆறு வாரம் போயிற்று. கடைசியில் தெரிந்தது இதுதான்: டிரைவில் எந்தக் குறையும் இல்லை. அதற்குத் தரவு போதுமான வேகத்தில் போய்ச் சேரவில்லை.

மெதுவான டேப் பேக்கப் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான் என்பது என் கருத்து. டிரைவ் பசியில் நிற்கிறது, நாம் அதைச் சோம்பேறி என்கிறோம். நாங்கள் இழந்த ஆறு வாரத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். லினக்ஸ் சர்வரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். விண்டோஸில் கருவிகள் வேறு, ஆனால் வரிசை இதேதான்.

1. முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

எவ்வளவு வேகம் வர வேண்டும் என்று தெரியாமல் மெதுவாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. டிரைவ் தரவைச் சுருக்காமல் அப்படியே எழுதும் வேகம் தலைமுறைக்குத் தலைமுறை இப்படி இருக்கிறது: எல்டிஓ-5 நொடிக்கு 140 எம்பி, எல்டிஓ-6 160, எல்டிஓ-7 300, எல்டிஓ-8 360, எல்டிஓ-9 400. எல்டிஓ-8, எல்டிஓ-9 இரண்டிலும் பாதி உயர டிரைவ் என்றால் 300 தான். சிறிய அலுவலகங்களில் இருப்பது பெரும்பாலும் பாதி உயர டிரைவ் என்பதால், உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எல்டிஓ-6 முதல் தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் போடுகிறார்கள். எல்டிஓ-8 டேப்பில் 30 டிபி என்று இருக்கும். உண்மையான கொள்ளளவு 12 டிபி. வீடியோ, ஜேபெக் படங்கள், ஏற்கெனவே சுருக்கிய கோப்புகள் ஆகியவை மேற்கொண்டு சுருங்கவே சுருங்காது.

முழு டேப்பை முழு வேகத்தில் எழுதினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்டிஓ-6 க்கு நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எல்டிஓ-7 க்கு ஐந்தரை மணி நேரம். முழு உயர எல்டிஓ-8 க்கு ஒன்பதேகால் மணி. எல்டிஓ-9 க்குப் பன்னிரண்டரை மணி. எல்லாம் சரியாக இருந்தாலே இவ்வளவு ஆகும். ஒரு முழு எல்டிஓ-9 டேப்பை இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால், அது நடக்காது என்பதை இந்தக் கணக்கைக் காட்டி அன்றே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கடந்த ஒரு மாத பேக்கப் லாகுகளை எடுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை ஜிபி, எத்தனை மணி நேரம், நொடிக்கு எத்தனை எம்பி என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, எழுதி முடித்த பிறகு முழு டேப்பையும் படித்துச் சரிபார்க்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சராசரி வேகம் பாதியாகத் தெரியும். மற்றொன்று எல்டிஓ-9 வைத்திருப்பவர்களுக்கு. புது கேட்ரிட்ஜை (நாடா இருக்கும் பெட்டியை) முதன்முறை போடும்போது டிரைவ் அதைத் தனக்கேற்றபடி அளந்து ஒழுங்கு செய்துகொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒரு டேப்புக்கு ஒரே ஒரு முறைதான். இது தெரியாமல் டிரைவ் தொங்கிவிட்டது என்று மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள். புது டேப்புகளைப் பகலிலேயே ஒவ்வொன்றாகப் போட்டு இந்த வேலையை முடித்துவிட்டால் இரவு நேரம் மிஞ்சும்.

2. டிரைவுக்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு

எங்களை ஆறு வாரம் சுற்றவிட்டது இந்த விஷயம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குத் தரவு மெதுவாக வந்தால் காத்திருக்கும், அவ்வளவுதான். டேப் அப்படியில்லை. எழுதும்போது நாடா நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதத் தரவு இல்லையென்றால் நாடா நின்றாக வேண்டும். ஆனால் சட்டென்று நிற்க முடியாது. சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். அடுத்த தரவு வந்ததும் பின்னோக்கிச் சுற்றி, விட்ட இடத்துக்கு முன்னால் போய், மறுபடி வேகம் பிடித்து, அதே இடத்தில் எழுதத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் இதற்குச் சில நொடிகள் வீணாகின்றன. நெசவுத் தறியில் ஓடம் போய்ப் போய் வருவதுபோல டேப் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். இந்தத் துறையில் இதற்கு ஷூ ஷைனிங் என்று பெயர், ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது துணி முன்னும் பின்னும் போவதுபோல. வேகம் போவது மட்டுமல்ல, டேப்பும், அதைத் தொட்டு எழுதும் டிரைவின் ஹெட்டும் தேய்கின்றன.

இதைத் தவிர்க்க, தரவு வரும் வேகத்துக்கு ஏற்ப நாடாவின் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி எல்டிஓ டிரைவுகளில் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. எல்டிஓ-5 இல் அது நொடிக்கு 40 இலிருந்து 50 எம்பிக்குள். எல்டிஓ-8 இல் 100 எம்பிக்குச் சற்று மேல். உங்கள் டிரைவுக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும். தேடி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கதையைப் பாருங்கள். ஃபைல் சர்வரிலிருந்து பேக்கப் சர்வருக்கு 1 கிகாபிட் நெட்வொர்க். அதில் நொடிக்கு 80 எம்பி வந்துகொண்டிருந்தது. பழைய டிரைவுக்கு 80 என்பது அடிமட்டத்துக்கு மேல், எனவே நிற்காமல் ஓடியது. புது டிரைவுக்கு அதே 80 அடிமட்டத்துக்குக் கீழே. நின்று நின்று ஓடி, கடைசியில் நொடிக்கு 36 எம்பியில் வந்து நின்றது. வேகமான டிரைவ் வாங்கியதால்தான் பேக்கப் மெதுவானது!

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அடிமட்ட வேகம் என்பது சுருக்கிய பிறகு நாடாவில் போய் விழும் தரவின் வேகம். உங்கள் தரவு பாதியாகச் சுருங்கக்கூடியது என்றால், நாடாவில் நொடிக்கு 110 எம்பி விழ, சர்வர் 220 எம்பி கொடுக்க வேண்டும். 1 கிகாபிட் நெட்வொர்க்கால் அதைக் கனவிலும் கொடுக்க முடியாது. அதனால் தரவு மெதுவாகத்தான் வரும் என்ற நிலை இருந்தால், டிரைவின் சுருக்கத்தை நிறுத்திப் பாருங்கள். டேப் கூடுதலாகச் செலவாகும், ஆனால் அலைச்சல் குறையும்.

கண்டுபிடிக்க எளிய வழி, டிரைவின் பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்பது. சரியாக ஓடும் டிரைவ் ஒரே சீரான இரைச்சலோடு ஓடும். அலையும் டிரைவ் ஓடும், நிற்கும், முனகும், மறுபடி ஓடும். சர்வர் அறையில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

3. மூன்று பகுதிகளையும் தனித்தனியாக அளங்கள்

பேக்கப் என்பது மூன்று கட்டம்: டிஸ்க்கிலிருந்து படிப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது, டேப்பில் எழுதுவது. மூன்றில் எது மெதுவோ அதுதான் உங்கள் பேக்கப்பின் வேகம். ஒன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது என்று கடைசிவரை தெரியாது. இந்த அளவீட்டுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, அரை நாள் போதும். வேலை நேரத்தில் செய்யாதீர்கள். மற்றவர்கள் சர்வரைப் பயன்படுத்தும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

முதலில் டேப். ஒரு காலி டேப்பைப் போடுங்கள். இந்தச் சோதனை டேப்பில் இருப்பதை அழித்துவிடும். பார்கோடு எண்ணை இரண்டு முறை படித்துவிட்டுப் போடுங்கள். சர்வரின் ரேமில் இயங்கும் தற்காலிக கோப்பகத்தில் 4 ஜிபி அளவுக்கு ஒரு கோப்பை உருவாக்குங்கள். அதன் உள்ளடக்கம் தற்போக்கான எண்களாக இருக்க வேண்டும். லினக்ஸில் அப்படிப்பட்ட எண்களைத் தரும் யூராண்டம் என்ற சாதனத்திலிருந்து எடுக்கலாம். வெறும் பூஜ்யங்களால் நிரப்பிய கோப்பை எழுதினால் டிரைவ் அதை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும், நொடிக்கு 600 எம்பி என்று பொய் வேகம் காட்டும். யூராண்டத்திலிருந்து நேராக டேப்புக்கு அனுப்புவதும் தவறு. அந்த எண்களை உருவாக்கும் சிபியுவின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

பிறகு அந்தக் கோப்பை டிடி என்ற லினக்ஸ் கட்டளையால் 256 கேபி பிளாக் அளவில் (பிளாக் என்பது ஒரே தடவையில் எழுதும் துண்டு) ஐந்து முறை தொடர்ச்சியாக எழுதுங்கள். 1 ஜிபி எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். இப்போதைய டிரைவுகளுக்குள் 1 ஜிபி வரை பஃபர், அதாவது தற்காலிக நினைவகம், இருக்கிறது; சிறிய சோதனை அந்தப் பஃபரோடு முடிந்துவிடும். 20 ஜிபி எழுதி, கடைசியில் ஃபைல்மார்க் (கோப்பு முடிந்தது என்று நாடாவில் இடும் குறி) போட்டு முடிக்கும் வரையான நேரத்தைக் கணக்கிடுங்கள். முதல் படியில் குறித்த வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வந்தால் டிரைவ், கேபிள், கார்டு, டேப் நான்கும் நலம். ஐந்து, ஆறு, எட்டாம் படிகளுக்குப் போங்கள். வராவிட்டால் நேராக ஏழாம் படிக்கு.

அடுத்து டிஸ்க். பேக்கப் எடுக்கும் கோப்பகத்தை டாரால் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) படித்து, வெளியீட்டைத் தூக்கி எறியச் செய்து நேரம் பாருங்கள். இங்கே ஒரு பெரிய பொறி. குனு டார், தான் எழுதுவது நல் சாதனத்துக்கு (வருவதையெல்லாம் தூக்கி எறியும் லினக்ஸ் சாதனம்) என்று கண்டுகொண்டால் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடும். 1 டிபியை இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டது என்று மகிழ்ந்து, குற்றத்தை வேறு எங்கோ தேடுவீர்கள். டாரின் வெளியீட்டை முதலில் கேட் கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்பி, அதிலிருந்து நல் சாதனத்துக்கு விடுங்கள். அப்போது உண்மையாகப் படிக்கும். இரண்டாம் முறை ஓட்டினால் கோப்புகள் ரேமில் ஏற்கெனவே இருப்பதால் வேகம் கூடித் தெரியும். முதல் ஓட்டத்தின் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நெட்வொர்க். ஐபெர்ஃப்3 கருவியை இரண்டு சர்வரிலும் போட்டு ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தெரியும். 1 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பிக்குச் சற்று மேல்தான் உச்சம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 11 எம்பி வந்தால் ஏதோ ஒரு போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது, கேபிளை மாற்றுங்கள்.

இந்த மூன்று எண்களையும் தேதி போட்டு எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்து வேகம் குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.

4. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்

அவசரத்தில் நாங்கள் செய்த தவறு இது. ஒரே மாலையில் கேபிள், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), பிளாக் அளவு மூன்றையும் மாற்றினோம். வேகம் கொஞ்சம் கூடியது. எதனால் என்று இன்றுவரை தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஒரு இரவு ஓடட்டும், எண்ணைக் குறியுங்கள், பிறகு அடுத்தது.

5. பிளாக் அளவைப் பாருங்கள்

செலவே இல்லாத மாற்றம், பல இடங்களில் உடனே பலன் தருவது. டார் கட்டளை ஒன்றும் சொல்லாவிட்டால் 10 கேபி துண்டுகளாக எழுதும். பக்குலா என்ற பேக்கப் மென்பொருளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 64,512 பைட். இன்றைய டிரைவுகளுக்கு இவை மிகச் சிறியவை. டாரில் பிளாக்கிங் ஃபேக்டரை 512 என்று வைத்தால் துண்டு 256 கேபி ஆகும். நல்ல தொடக்கம் அதுதான். டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையால் டிரைவின் பிளாக் அளவைப் பூஜ்யமாக வைக்கவும் மறக்காதீர்கள். பூஜ்யம் என்றால் எந்த அளவில் வந்தாலும் ஏற்றுக்கொள் என்று பொருள்.

பக்குலா பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு 1 ஜிபிக்கும் ஒரு ஃபைல்மார்க் போடுவது அதன் இயல்பு. எல்டிஓ-8 இல் அது மூன்று நான்கு நொடிக்கு ஒரு தடை. அந்த அளவை 10, 20 ஜிபி என்று உயர்த்தலாம்.

ஆனால் கவனம். பெரிய பிளாக்கில் எழுதிய டேப்பைச் சிறிய பிளாக் அளவு சொல்லிப் படிக்க முயன்றால், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற பிழை வரும். டேப் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். அதனால் பாதி எழுதிய பழைய டேப்பில் புது அளவைக் கலக்காதீர்கள். புது அளவுக்குப் புது டேப். கேட்ரிட்ஜின் உறையில் பிளாக் அளவை எழுதி ஒட்டுங்கள். முதல் டேப் எழுதியதும் அதிலிருந்து சில கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதைச் செய்யாமல் அடுத்த டேப்பைத் தொடாதீர்கள்.

6. இடையில் ஒரு தொட்டி கட்டுங்கள்

டிஸ்க்கும் நெட்வொர்க்கும் டேப்புக்கு ஈடு கொடுக்க முடியாதபோது இதுதான் தீர்வு. குழாயில் தண்ணீர் மெல்ல வந்தாலும், தொட்டியில் நிரப்பிவிட்டு மோட்டாரைப் போட்டால் வேகமாகப் பாய்கிறதல்லவா? தரவும் அப்படித்தான்.

சிறிய தொட்டி வேண்டுமென்றால் எம்பஃபர் என்ற இலவசக் கருவி. டாருக்கும் டேப்புக்கும் நடுவில் வைத்து, ரேமில் 4 அல்லது 8 ஜிபி ஒதுக்கி, 80 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கு என்று சொல்லலாம். வேகம் ஏறி இறங்கும் இடங்களில் இது அருமையாக வேலை செய்யும். சராசரி வேகமே அடிமட்டத்துக்குக் கீழே என்றால் முழுமையாகக் காப்பாற்றாது, ஆனால் நொடிக்கு நொடி அலைவதற்குப் பதில் நிமிடத்துக்கு ஒரு முறை நிற்க வைக்கும். அதுவே பெரிய நிம்மதி.

பெரிய தொட்டி என்றால் பேக்கப் சர்வரிலேயே எஸ்எஸ்டி வைத்து, முதலில் அதில் எழுதி, பிறகு அங்கிருந்து டேப்புக்கு அனுப்புவது. பக்குலா, அதைப் போன்ற பரியோஸ் இரண்டிலும் ஸ்பூலிங் என்ற பெயரில் இது இருக்கிறது. நாங்கள் கடைசியில் செய்தது இதைத்தான். பகலில் வேலை குறைந்த நேரத்தில் எஸ்எஸ்டிக்குத் தரவு வந்து சேர்கிறது, இரவில் டேப் அதை முழு வேகத்தில் எழுதுகிறது. 1.2 டிபியை எழுத இப்போது ஒன்றேகால் மணி நேரம்.

இதிலும் பார்த்துக்கொள்ள வேண்டியவை உண்டு. ஸ்பூலுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, அதில் ஒரே நேரத்தில் ஒரு வேலை எழுதவும் இன்னொன்று படிக்கவும் செய்தால் இரண்டும் நொண்டும். பக்குலாவில் ஒரு வேலையின் ஸ்பூல் டேப்புக்குப் போகும்போது அந்த வேலையின் படிப்பு நின்றுவிடும். எனவே ஒரே பெரிய வேலையாக வைக்காமல் நான்கைந்தாகப் பிரித்து ஒன்றாக ஓடவிடுங்கள். ஒன்று டேப்புக்குப் போகும்போது மற்றவை நிரம்பிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி தினமும் முழுதாக எழுதப்படும் என்பதால் மலிவான சாதாரண எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும். அதிக எழுத்தைத் தாங்கும் சர்வர் வகையை வாங்குங்கள்.

7. கார்டு, கேபிள், டேப், சுத்தம்

மூன்றாம் படியில் டேப் சோதனையே மெதுவாக வந்தவர்களுக்கு இது.

சாஸ் இணைப்பு கொண்ட டேப் டிரைவை ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு) மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பல ரெய்டு கார்டுகள் டேப்பை ஏற்பதே இல்லை. ஏற்பவற்றிலும் தொல்லை வரும். ரெய்டு இல்லாத சாதாரண சாஸ் எச்பிஏ கார்டு (டிரைவைச் சர்வரோடு இணைக்க மட்டும் செய்யும் கார்டு) தனியாக வேண்டும். அந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். எட்டு லேன் (தரவுப் பாதை) கார்டு ஒரு லேன் மட்டுமே உள்ள ஸ்லாட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் சேனல் வகை இணைப்பு என்றால் டிஸ்க்குக்கும் டேப்புக்கும் ஒரே போர்ட்டைப் பகிராதீர்கள். கெர்னல் லாகில் டேப் டிரைவின் பெயரோடு ரீசெட், டைம்அவுட் என்ற சொற்கள் வந்தால் சந்தேகம் கேபிள் மேல்.

டேப்பும் பழையதாகும். எஸ்ஜி லாக்ஸ் என்ற கருவி டிரைவிடம் எழுத்துப் பிழைகளின் எண்ணிக்கையைக் கேட்டுச் சொல்லும். ஒரு டேப்பில் மட்டும் பிழை கூடுதலாக இருந்தால் டேப் கெட்டது. எல்லா டேப்பிலும் கூடுதல் என்றால் ஹெட் அழுக்கு அல்லது டிரைவ் பழுது. கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி மறுபடி எழுதுவதால், மோசமான டேப் மெதுவாக ஓடுவதோடு சீக்கிரம் நிரம்பியும்விடும். 6 டிபி டேப் 5 டிபியிலேயே முடிந்துவிட்டது என்றால் அதை ஒதுக்கி வையுங்கள். கீழே விழுந்த கேட்ரிட்ஜையும் அப்படியே. வெளியிலிருந்து கொண்டுவந்த டேப்பை உடனே போடாமல் ஒரு நாள் சர்வர் அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

டிரைவ் தரும் எச்சரிக்கைகளின் டேப் அலர்ட் என்ற பட்டியலில் 20 ஆம் எண் வந்தால் இப்போதே சுத்தம் செய் என்று பொருள். 21 என்றால் வழக்கமான சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அப்போது சுத்தம் செய்யுங்கள், சில நிமிட வேலை. எதற்கும் இருக்கட்டும் என்று வாரா வாரம் செய்ய வேண்டாம், கிளீனிங் கேட்ரிட்ஜின் நாடா ஹெட்டை உரசத்தான் செய்கிறது. கிளீனிங் கேட்ரிட்ஜ் பொதுவாக 50 முறை வரை வரும். அது தீர்ந்த பிறகு போட்டால் டிரைவ் சுத்தம் செய்யாமலே வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் உறையில் ஒரு கோடு போட்டு வாருங்கள்.

8. சின்னக் கோப்புகள், ஜிஜிப், ஆன்டிவைரஸ்

டிஸ்க் சோதனை மெதுவாக வந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. பத்து லட்சம் சின்னக் கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திறந்து மூடுவதிலேயே நேரம் போகும். கோப்பு கோப்பாக எடுக்காமல், டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்து நிலையின் நகலை) மொத்தமாகப் படிக்கும் வழி உங்கள் மென்பொருளில் இருந்தால் அதற்கு மாறுங்கள். டாரோடு ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியைச் சேர்த்து ஓட்டினால் அது ஒரே ஒரு சிபியு கோரில்தான் ஓடும். டேப்பைப் பட்டினி போட அது ஒன்றே போதும். டிரைவே சுருக்கும் என்பதால் எடுத்துவிடுங்கள். என்கிரிப்ஷனும் எல்டிஓ-4 முதல் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, வேகம் குறையாது; ஆனால் சாவியைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வையுங்கள். விண்டோஸ் சர்வரில் பேக்கப் படிக்கும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் திறந்து பார்க்கும். பேக்கப் மென்பொருளின் புரோசஸுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

9. சேவை மையத்தை அழைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஐபிஎம் டிரைவுக்கு ஐடிடிடி, ஹெச்பிஇ டிரைவுக்கு லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் என்று தயாரிப்பாளர்களே இலவசச் சோதனைக் கருவி தருகிறார்கள். அதை ஓட்டி, டிரைவின் உள்நிலைப் பதிவான டம்ப் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டே அழையுங்கள். எப்படியும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அப்போது எடுக்கத் தொடங்கினால் இரண்டு நாள் போகும். அதோடு இவை:

- டிரைவின் சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு
- வாங்கிய பில், வாரண்டி அல்லது ஏஎம்சி முடியும் தேதி
- எச்பிஏ கார்டின் மாடல், டிரைவர் பதிப்பு
- பிரச்சினை வந்த டேப்புகளின் பார்கோடு எண்கள்
- ஒரு மாத பேக்கப் லாக்
- மூன்றாம் படியில் எடுத்த மூன்று எண்கள்

கடைசியில் இருப்பதுதான் மிக முக்கியம். அது இல்லாமல் நாங்கள் அழைத்ததால்தான் தேவையில்லாமல் டிரைவை மாற்றினார்கள். வாரண்டி முடிந்த டிரைவ் என்றால், வந்து பார்த்துவிட்டுப் பழுது இல்லை என்று சொன்னாலும் வருகைக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஃபர்ம்வேரை மாற்றச் சொன்னால், டிரைவில் டேப் இல்லாமல், வேறு வேலை ஓடாத நேரத்தில், யுபிஎஸ் மின்சாரத்தில் மட்டும் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் எழுந்திருக்காமலே போகலாம்.

10. செலவு செய்வதென்றால் எந்த வரிசையில்

பிளாக் அளவு, எம்பஃபர், ஜிஜிப் நீக்கம், வேலைகளைப் பிரித்தல்: இலவசம். கிளீனிங் கேட்ரிட்ஜ், புது டேப், நல்ல சாஸ் கேபிள்: ஆயிரங்களில் முடியும். எச்பிஏ கார்டு, சர்வர் வகை எஸ்எஸ்டி, இரண்டு சர்வருக்கும் நடுவே நேராக இழுக்கும் 10 கிகாபிட் கார்டும் கேபிளும்: பத்தாயிரங்கள். புது டிரைவ்: லட்சங்கள். மேலிருந்து கீழே இறங்குங்கள். 10 கிகாபிட்டுக்கு ஸ்விட்சே தேவையில்லை. இரண்டு சர்வர் மட்டும் என்றால் கார்டுக்குக் கார்டு ஒரே கேபிள் போதும்.

அப்படியும் டிரைவ்தான் மாற்ற வேண்டும் என்று ஆனால், பழைய டேப்புகளை மறக்காதீர்கள். எல்டிஓ-7 வரை டிரைவுகள் இரண்டு தலைமுறை முந்தைய டேப்பையும் படித்தன. எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பை மட்டுமே படிக்கும், எல்டிஓ-6 ஐப் படிக்காது. எல்டிஓ-9 க்கு எல்டிஓ-8 வரைதான். எங்கள் எல்டிஓ-5 டேப்புகளைப் புது டிரைவ் ஏற்காது. எனவே பழைய டிரைவை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம் என்று கடைசி நிமிடத்தில் தடுத்து வைத்தேன். கணக்குப் பிரிவு கேட்கும் பழைய வருடக் கோப்புகள் இன்றும் அதில்தான் திறக்கின்றன.